கடதாசி பிடித்த இடது கை

அப்பாவின் உடல் வீட்டு விறாந்தையில் கிடந்தபோது, வந்தவர்கள் தலைமாட்டில் நின்று முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிமியோன் மாமா மட்டும் கால்மாட்டில் நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை. பாதங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கிறிஸ்தவர். வேதக்காரர் இப்படித்தான் நிற்பார்கள் போல என்று பெரியம்மா ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

அது காரணமல்ல. காரணத்தைச் சொல்வதென்றால் அப்பாவின் இடது கையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பாவின் பெயர் தில்லைநாதன். ஊர் மீசாலை. இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களில் ஓய்வு பெறும் வரை நடத்துனராக இருந்தார். பெரும்பாலும் யாழ்ப்பாணம் – கொடிகாமம் பாதை. சிமியோன் மாமா குருநகர்க்காரர். அதே பஸ்ஸின் சாரதி. சொந்தமில்லை. நான் கதைக்கத் தொடங்கிய நாளிலிருந்து மாமா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

அப்பா சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பஸ்ஸில் பிள்ளைத்தாச்சி ஒருத்தி ஏறினால் இடம் விடச்சொல்லிக் கத்த மாட்டார். இருக்கிற இளந்தாரியின் பக்கத்தில் போய் நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அவன் எழும்பும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். முகத்தில் கோபமும் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. அவருடைய முகம் எதையும் சொல்லாது. அம்மா அதை "கல்லு முகம்" என்பார். அந்த முகம் பஸ்ஸுக்கு உதவியதைவிடக் கடதாசி விளையாட்டுக்கு, அதாவது சீட்டாட்டத்துக்கு, அதிகம் உதவியது.

எங்கள் ஊரில் கடதாசி என்றால் முந்நூற்றிநாலு. நான்கு பேர். எதிரெதிரே இருக்கும் இரண்டு பேர் ஒரு பக்கம். ஆளுக்கு எட்டுக் கடதாசி. இதயம் போட்ட இனம் ஆட்டின், கறுப்பு இலை போட்டது ஸ்கோப்பன். தன் கையில் இருப்பதை வைத்து, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேள்வி கேட்க வேண்டும். பங்காளியின் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. சைகை காட்டினால் கள்ளம். அப்பாவும் சிமியோன் மாமாவும் டிப்போவில் தேநீர் நேரத்தில் விளையாடத் தொடங்கிய பங்காளிகள். ஓய்வு பெற்ற பிறகும் மாமா ஞாயிறு பூசை முடிய குருநகரிலிருந்து பஸ் ஏறி மீசாலைக்கு வருவார். சனசமூக நிலையத்தின் விறாந்தையில் நான்கு கதிரை, நடுவில் ஒரு ஸ்டூல். எதிர்ப்பக்கத்தில் எப்போதும் ஓய்வுபெற்ற தபாலதிபர் சிவசுப்பிரமணியம். ஊருக்கு அவர் போஸ்ட்மாஸ்டர். அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"உந்த ரெண்டு பேரும் என்னவோ செய்யினம். தில்லை இருமினா ஆட்டின், மூக்கைச் சொறிஞ்சா ஸ்கோப்பன். கண்டுபிடிக்காமல் நான் சாக மாட்டன்."

"அப்ப உங்களுக்கு நீண்ட ஆயுள், போஸ்ட்மாஸ்டர்" என்பார் சிமியோன் மாமா.

ஒருமுறை அப்பா கோயில் பக்கம் திரும்பி நின்று, தான் ஒருநாளும் சைகை காட்டியதில்லை என்று சத்தியம் பண்ணினார். அதன்பிறகும் போஸ்ட்மாஸ்டர் அப்பாவின் இருமலைக் கவனித்தபடியே இருந்தார்.

ஒரு மழைக்காலத்தில் அப்பா விழுந்தார். சாவகச்சேரிச் சந்தையில் மரக்கறி வாங்கப் போனவர், பஸ் தரிப்பிடத்தில் இறங்கும்போது ஈரப் படியில் வழுக்கினார். இடது கையை ஊன்றினார். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்தது.

செய்தி கேட்டு வந்த சிமியோன் மாமா கட்டிலருகே இருந்து முதலில் சொன்னது இதுதான்:

"ஓடுற பஸ்ஸிலை இருந்து எத்தினை தரம் குதிச்சவன். நிண்ட பஸ்ஸிலை இருந்து விழுந்திட்டான்."

"பஸ் கொஞ்சம் அசைஞ்சது, மச்சான்."

"எஞ்சினே நிப்பாட்டி இருந்ததாம். டிரைவர் பெடியன் சொன்னவன்."

"டிரைவர்மார் என்ன, எப்பவும் உண்மையோ சொல்லுறவை?"

கைக்கு ஒன்றரை மாதம் பிளாஸ்டர். நான் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். கை முறிந்து வருகிறவர்களின் விரல்களை மறுபடி மடங்கப் பழக்குவது என் அன்றாட வேலை. அப்பாவுக்கு முதல் நாளே சொன்னேன்: மணிக்கட்டு அசையக் கூடாது, விரல்கள் அசைய வேண்டும். மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு பொருந்தும், விரல் இறுகிவிடும்.

நான் வேலைக்குப் போன பிறகு வருத்தம் பார்க்கிறவர்கள் சுகம் விசாரிக்க வந்தார்கள். தோடம்பழமும் ஹோர்லிக்ஸ் போத்தலும் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கத்தில் வருத்தம் பார்க்கப் போகிறவர் புத்திமதி ஒன்று சொல்லாமல் எழும்பினால் மரியாதையில்லை. எல்லோருடைய புத்திமதியும் ஒன்றுதான்.

"கையை ஆட்டாதை தில்லை. எலும்பு விலகிப்போடும்."

அப்பா பண்பான மனிதர். வந்தவருக்கு முன்னால் விரலை ஆட்டுவது அவர் சொல்லை அவமதிப்பதாகிவிடும் என்று நினைத்தார். காலையிலிருந்து மாலை வரை யாராவது வந்துகொண்டிருந்தார்கள். அப்பாவின் விரல்கள் ஆடவில்லை. பின்னேரம் நான் வந்து கேட்டால், "ஓம், ஆட்டினனான்" என்பார். அதே முகம்.

பிளாஸ்டர் வெட்டிய அன்று பின்னேரம், குசினி மேசையில் துவாய் விரித்து அவர் கையை வைத்து அளந்தேன். எங்களுக்கு ஒரு சின்னக் கோணமானி உண்டு. விரல் மூட்டின் மேல் வைத்து, எத்தனை பாகை மடங்குகிறது என்று பார்ப்போம். விரல் நுனிக்கும் உள்ளங்கை ரேகைக்கும் உள்ள இடைவெளியை அடிமட்டத்தால் அளப்போம். அப்பாவின் விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொடவே இல்லை. அரிசிப் படி ஒன்றைப் பிடித்தபடி உறைந்துபோன கை மாதிரி இருந்தது.

ஏன் மடங்கவில்லை என்பது அடுத்த கேள்வி. மணிக்கட்டை மேலே நிமிர்த்தி விரலை மடக்கிப் பார்த்தேன். பிறகு மணிக்கட்டைக் கீழே மடித்துப் பார்த்தேன். தசைநாண் ஒட்டியிருந்தால் மணிக்கட்டு மாற விரலின் மடிப்பும் மாறும். மாறவில்லை. இரண்டு நிலையிலும் ஒரே இடத்தில் நின்றது. விரல் கையோடு சேரும் பெரிய மூட்டுகளே இறுகியிருந்தன. கடதாசியை விசிறியாகப் பிடிப்பதற்கு வளைய வேண்டியவை அந்த மூட்டுகள்தான்.

"நோகுதோ, அப்பா?"

"இல்லை."

"பத்திலை எத்தினை? ஒண்டுமில்லையெண்டால் பூச்சியம், தாங்கேலாதெண்டால் பத்து."

யோசித்தார். "ரெண்டு."

இன்னும் கொஞ்சம் மடக்கினேன். "இப்ப?"

"ரெண்டு."

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தார். அம்மாவின் பெயர் பூரணம். மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பினார்.

அப்பாவுக்கு அவசரம் இருந்தது. சித்திரையில் சனசமூக நிலையத்தின் முந்நூற்றிநாலு சுற்றுப்போட்டி. அவரும் மாமாவும் இரண்டு தரம் கப் எடுத்தவர்கள். போட்டி விதி ஒன்று உண்டு: கடதாசி ஆடுகிறவரின் கையிலேயே இருக்க வேண்டும். ஸ்டூலில் வைத்தால் ஆட்டம் போயிற்று. வலது கை போடுகிற கை. இடது கை பிடிக்கிற கை. நாங்கள் அன்று கடதாசிப் பெட்டியை எடுத்துப் பார்த்தோம். எட்டுக் கடதாசியை அம்மா அவர் கையில் செருகினார். பெருவிரல் அழுத்தவில்லை. எட்டும் துவாயில் விழுந்தன.

"சேட்டுத் தோய்க்கிற பிரஷ் இருக்கு" என்றார் அம்மா. "அதைக் கவிட்டு வைச்சு, மயிருக்கை செருகி விளையாடுங்கோவன்."

அது உண்மையில் நல்ல யோசனை. என் வேலையிடத்தில் நாங்களே அப்படிச் சொல்லிக் கொடுப்போம். அப்பா பிரஷ்ஷைப் பார்த்தார்.

"ஊத்தை தோய்க்கிற பிரஷ்ஷிலை வீரனை வைக்கிறதோ?"

வீரன் என்பது இந்த விளையாட்டில் ஒவ்வொரு இனத்திலும் எல்லாவற்றுக்கும் பெரிய கடதாசி.

"நான் கையிலை பிடிப்பன்" என்றார். "சித்திரைக்கு முதல் பிடிப்பன். நீ மடக்கு, பிள்ளை. எனக்கு நோகேல்லை."

நான் மடக்கினேன். அவர் சொன்ன இலக்கம் இரண்டு. ஆனால் அடுத்தநாள் காலையில் கை வீங்கியிருந்தது. தோல் மினுங்கியது. உள்ளங்கை வியர்த்தது. வலது கையைத் தொட்டுவிட்டு இடது கையைத் தொட்டால் சூடு தெரிந்தது. இலக்கமும் கையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

மணிக்கட்டு முறிந்தவர்கள் சிலருக்கு இப்படி ஒரு நிலை வரும். எலும்பு பொருந்தியிருக்கும்; நோ மட்டும் அடங்காது. நோவோடு விரலை நெரித்தால் வீங்கும். வீங்கினால் இன்னும் இறுகும். அப்படியே போக விட்டால் கை வாழ்நாள் முழுவதும் அந்தப் படி பிடித்த கையாகவே நின்றுவிடலாம். எலும்பு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு மருந்து எழுதினார். தொடக்கம்தான், திருப்பலாம் என்றார். நோவின் எல்லைக்குள் மடக்கு, அதைத் தாண்டாதே, ஆனால் விட்டுவிடவும் வேண்டாம் என்றார்.

எல்லை எங்கே என்று அப்பா சொல்ல மாட்டார். அதுதான் சிக்கல். குறைவாக மடக்கினால் மூட்டு இறுகும். கூட மடக்கினால் கை எரியும். நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை அறிய எனக்கு அவர் வாய் ஒன்றுதான் வழி. அந்த வாயிலிருந்து எப்போதும் "ரெண்டு" வந்தது. முகத்தைப் பார்த்தேன். நோயாளிகள் புருவத்தைச் சுருக்குவார்கள், மூச்சைப் பிடிப்பார்கள், தோளை உயர்த்துவார்கள். அப்பா சும்மா இருந்தார். யாரோ ஒருவருடைய கையை நான் மடக்குவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சிமியோன் மாமா வந்தார். விளையாட்டு இல்லாவிட்டாலும் வந்தார். போஸ்ட்மாஸ்டரும் படலையைத் திறந்துகொண்டு வந்து இருந்தார். அம்மா தேநீர் கொடுத்தார். அவர்களுக்கு முன்னாலேயே நான் அப்பாவின் கையை மடக்கினேன்.

"எத்தினை, அப்பா?"

"ரெண்டு."

மாமா தேநீரைக் கீழே வைத்தார். "பொய்."

"நோ எனக்கோ உனக்கோ?" என்றார் அப்பா.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், சிமியோன்?" என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டார். கேட்ட விதத்தில் பழைய சந்தேகம் எழும்பி நின்றது.

மாமா எதையோ சொல்ல வாயெடுத்தார். போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். வாயை மூடினார். தேநீரை மறுபடி எடுத்து, ஆறிப்போன பிறகும் ஊதி ஊதிக் குடித்தார்.

போஸ்ட்மாஸ்டர் போகும் வரைக்கும் மாமா இருந்தார். பிறகு கை கழுவுகிற சாட்டில் கிணற்றடிக்கு வந்து, தொட்டியருகே நின்ற என்னிடம் சொன்னார்.

"பிள்ளை, அப்பாவின்ரை முகத்தைப் பாக்காதை. உதிலை ஒண்டும் இல்லை. வலது காலைப் பார். பெருவிரல்."

"காலிலையோ?"

"அவன் எதையும் ஒளிக்கேக்கை அது மேலை எழும்பும். அவனுக்குத் தெரியாது. கையிலை வீரன் வந்தாலும் எழும்பும், செக்கிங்காரர் பஸ்ஸிலை ஏறினாலும் எழும்பும். இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை." கையைச் சாரத்தில் துடைத்தார். "நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதை. விளையாட்டுக் கெட்டுப்போம்."

அடுத்தநாள் அப்பாவைக் கதிரையில் இருத்தி, நான் பலகையில் தாழ இருந்தேன். கையை மெதுவாக மடக்கினேன். ஒரு இடம் வரைக்கும் கால் சும்மா இருந்தது. இன்னும் சில பாகை. பெருவிரல் எழும்பியது. மற்ற நான்கு விரல்களும் தரையில் கிடக்க, அது மட்டும் தனியே, யாரோ நூல் கட்டி இழுத்ததுபோல.

"எத்தினை?"

"ரெண்டு."

கொஞ்சம் தளர்த்தினேன். பெருவிரல் இறங்கியது.

என் வேலையில் எத்தனையோ கருவிகளைப் பிடித்திருக்கிறேன். இவ்வளவு திருத்தமான ஒன்று கிடைத்ததில்லை. அதன்பிறகு பெருவிரல் எழும்பும் இடத்துக்குச் சற்று முன்னே நிறுத்தினேன். அங்கே பிடித்து வைத்தேன். இளஞ்சூட்டு நீரில் கையை வைத்து மறுபடி தொடங்கினேன். எல்லை நாளுக்கு நாள் தள்ளிப் போனது. வீக்கம் வற்றியது. மினுக்கம் போய்த் தோலில் பழைய சுருக்கங்கள் தெரிந்தன. வைத்தியர் பார்த்துத் தலையாட்டினார். அப்பா முதலில் கோப்பையைப் பிடித்தார். பிறகு சவர்க்காரத்தை. மாம்பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற நேரத்தில், விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொட்டன. அன்று அவர் அந்தக் கையால் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்கோ, பிள்ளை நிக்குது."

"கை வேலை செய்யுதோ எண்டு பாத்தனான்."

எட்டுக் கடதாசியையும் பிடிக்கத் தொடங்கியபோதுதான் அவர் கேட்டார்.

"நீ ஏன் பிள்ளை என்ரை காலைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய்?"

"சும்மா."

"சும்மா இல்லை. கையை மடக்கேக்கை எல்லாம் பாக்கிறாய்."

அதற்குள் அம்மா அரிசியைப் புடைத்தபடி சொன்னார்: "பெருவிரலைத்தான் பாக்குது. நீங்கள் ஒளிக்கேக்கை எழும்புமே, அதை."

"என்னது?"

"எனக்கு முதல் பிள்ளை வயித்திலை இருக்கேக்கை இருந்து தெரியும். நீங்கள் உங்கடை தமக்கைக்குக் காசு குடுத்திட்டு இல்லையெண்டு சொன்ன அண்டைக்கு எழும்பினது. ஊருக்கே தெரியுமெண்டெல்லோ நினைச்சன்."

அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். அது சும்மா இருந்தது.

"நீயும் பாத்துப் பிடிச்சனியோ?" என்று என்னைக் கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "சிமியோன் மாமா சொன்னவர்."

அவர் கடதாசிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடுக்கினார். அடுக்கி முடித்துப் பெட்டியில் போட்டார். பிறகு சொன்னார்: "அப்ப கடதாசியிலையும் அவன் பாத்திருக்கிறான்."

அடுத்த ஞாயிறு மாமா வந்தபோது அப்பா விறாந்தைக்கு வரவில்லை. தோட்டத்துக்குப் பாத்தி பாத்தியாக நீர் மாறிக்கொண்டு நின்றார். மாமா பாத்தி வரம்பில் போய்க் குந்தினார். கிணற்றடியிலிருந்து எனக்குக் கேட்டது.

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

"டிப்போவிலை விளையாடத் தொடங்கின காலம்."

"அப்ப அந்த ரெண்டு கப்பும் கள்ளக் கப்."

"கள்ளமோ? நீ காட்டேல்லை. நான் பாத்தன். எதிர இருக்கிறவனுக்குக் கண் எங்கை போறது?"

"போஸ்ட்மாஸ்டருக்கு நான் கோயிலைப் பாத்துச் சத்தியம் பண்ணினனான்ரா."

"நீ உண்மைதானே சொன்னனீ. உனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியும்."

"என்னைச் சத்தியம் பண்ணச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லை. உங்கடை கோயிலுக்கு முன்னாலை நான் என்னெண்டு பண்ணுறது?"

அப்பா மண்வெட்டியால் வரம்பை வெட்டி நீரை அடுத்த பாத்திக்கு விட்டார். இரண்டு கையாலும் மண்வெட்டியைப் பிடித்திருந்தார். நான் அதைத்தான் பார்த்தேன்.

"சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு ஒருநாளும் தெரிஞ்சிராது" என்றார். "நீயும் சித்திரைக்கு இன்னொரு கப் எடுத்திருப்பாய்."

"எதாலை எடுக்கிறது? உன்ரை கை அண்டைக்கு இருந்த இருப்புக்கு நீ பிரஷ்ஷிலைதான் விளையாடியிருப்பாய்."

மண்வெட்டி நின்றது. பிறகு அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு.

ஆனால் அவர் விட்டுவிடவில்லை. அலுமாரிக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தெடுத்தார். டிப்போவில் கொடுத்த கறுப்புச் சப்பாத்து. கால் வேர்க்கிறது என்று ஒருநாளும் போடாமல் வைத்திருந்தது. துடைத்தார். பைக்குள் வைத்துக்கொண்டு போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போனார். போட்டி நடப்பது சனசமூக நிலையத்துக்குள்; அங்கே செருப்போடு போக விடமாட்டார்கள். உள்ளே சரஸ்வதி படம் இருக்கிறது. நிலையத் தலைவர் போஸ்ட்மாஸ்டர்தான்; அவரிடம் சப்பாத்துக்கு அனுமதி கேட்கப் போனால் காரணமும் சொல்ல வேண்டும். சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன்.

போஸ்ட்மாஸ்டர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"நான் அப்பவே சொன்னனான்! இருமல், இருமல் எண்டு மேலையே பாத்துக்கொண்டிருந்திட்டன். கீழை பாத்திருக்க வேணும்!"

"அந்தக் கப் ரெண்டையும் கொண்டந்து தாறன்."

"ஆருக்கு வேணும் அது? கைபிடி உடைஞ்ச கப்." ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பல வருடச் சந்தேகம் சரியென்று தெரிந்தவரின் முகம். "சப்பாத்தைப் போடும். றோட்டிலை மிதியாத சப்பாத்துத்தானே? சரஸ்வதிக்கு நான் பொறுப்பு."

போட்டி சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறு நடந்தது. வெயில் தகரத்தில் கொதித்தது. அப்பா வேட்டி கட்டி, வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக்குக் கயிறு கட்டினார். இளந்தாரிகள் சிரித்தார்கள். "தில்லை அண்ணை, மாப்பிள்ளை மாதிரி!" என்று ஒருவன் கூவினான். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

நான் சுவரோரம் நின்றேன். மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்த்தார்கள். நான் இடது கையைப் பார்த்தேன். எட்டுக் கடதாசி வந்தது. பெருவிரல் அழுத்தியது. பெரிய மூட்டுகள் நான்கும் வளைந்தன. கடதாசிகள் விசிறியாக விரிந்தன. ஒன்றும் விழவில்லை. சின்னவிரல் மட்டும் சற்று விலகி நின்றது. அது கடைசிவரை அப்படித்தான் இருந்தது.

முதல் சுற்றில் வென்றார்கள். இரண்டாம் சுற்றில் எதிரே போஸ்ட்மாஸ்டர். கடைசி ஆட்டத்தில் அப்பா பெரிய கேள்வி கேட்டார். சிமியோன் மாமா பழக்கத்தில் கீழே பார்த்தார். கறுப்புத் தோல்தான் தெரிந்தது. தலையை நிமிர்த்தினார். எதிரே கல்லு முகம். போஸ்ட்மாஸ்டர் ஒரு ஆட்டினை இறக்கினார். மாமாவின் கையில் ஆட்டின் மணல் இருந்தது. வீரனுக்கு அடுத்த பெரிய கடதாசி, இருபது புள்ளி. வீரன் யாரிடம் என்று அவருக்குத் தெரியவில்லை. மணலை ஒளித்து ஏழைப் போட்டார். வீரன் அப்பாவிடம் இருந்தது; மணலைப் போட்டிருந்தால் அந்த இருபதும் அவர்கள் பக்கமே வந்திருக்கும். அடுத்த முறை மணல் வெட்டுப்பட்டது. அந்த இருபதால்தான் தோற்றார்கள்.

போஸ்ட்மாஸ்டர் எழும்பி நின்று துள்ளாத குறை. அப்பா கடதாசிகளைக் கீழே வைத்துவிட்டு உரக்கச் சிரித்தார். வென்ற நாட்களில்கூட அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

கொடிகாமம் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்கு மாமாவை ஏற்றிவிடப் போனோம். வழி முழுக்கச் சண்டை.

"மணலை ஏன்ரா வைச்சிருந்தனீ? அடைகாக்கவோ?"

"வீரன் உன்னட்டை இருக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாமல்தான் விளையாடுறது! உதுதான் விளையாட்டு!"

"இவ்வளவு காலமும் உது எனக்குத் தெரியாமல் போச்சே."

"அடுத்த வருசம் பாப்பம்."

"சப்பாத்தைக் கழட்டு, பாப்பம்."

"கழட்ட மாட்டன்."

பஸ் வந்தது. மாமா ஏறி யன்னலோரம் இருந்தார். நடத்துனர் பெடியன் முன்னுக்குச் சனத்துக்குள் மாட்டுப்பட்டு நின்றான். அப்பா ஒரு நொடி பொறுத்துப் பார்த்தார். பிறகு இடது கையை முழுதாகப் பொத்தி, மடங்கிய விரல் கணுக்களால் பஸ்ஸின் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். பலமான தட்டு. சாரதி திரும்பியும் பார்க்காமல் பஸ்ஸை எடுத்தான்.

அப்பா கையை உதறினார்.

"நொந்திட்டுது, பிள்ளை" என்றார். "நல்லா நொந்திட்டுது."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். சப்பாத்துச் சத்தம் றோட்டில் கேட்டது. நான் பக்கத்தில் நடந்தேன்.